சீச்சீக்காரர் தீட்டிய கத்தி

எங்கள் அண்ணனுக்குக் கல்யாணம் நின்றுபோன கதையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பேச்சை முடிக்கப் போன வீட்டில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். அண்ணன் தம்ளரை வாங்கினார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விளிம்பை ஒரு சுற்று துடைத்தார். அத்தனையும் செய்துவிட்டு, ஒரு வாய்கூடக் குடிக்காமல் கீழே வைத்தார். பெண்ணின் அப்பா எழுந்து உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"நீயே பார்த்தேல்ல? அடியில டீத்தூள் ஒட்டியிருந்துச்சு. சீ!" என்றார் அண்ணன். கல்யாணம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தச் 'சீ'தான் எங்கள் அண்ணன். பேருந்தில் கம்பியைப் பிடிக்க மாட்டார், விழுந்தாலும் விழுவார். யாராவது விரலை எச்சில் தொட்டுக் காகிதம் புரட்டினால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார். இப்படிப்பட்ட மனிதர் உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, ஊரான் தாடியை வழிக்கிற சவரக்கத்தியைத் தீட்டும் தொழிலில் போய் விழுந்தார். சலூன்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் சீச்சீக்காரர். அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

தொழில் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா சவரக்கத்தி செய்யும் பட்டறையில் சாணை பிடித்தவர். எஃகை அடித்து, பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்திய பிறகு கத்தி அவர் கைக்கு வரும். அதற்கு முந்தின காலத்துக் கத்திகள் ஆப்பு மாதிரி தடியாக இருந்தனவாம். அதை முகத்தில் வைத்தால் பெரிய மனிதர்களே அழுதுவிடுவார்கள் என்று அப்பா சிரிப்பார். அப்புறம்தான் கத்தியின் இரண்டு கன்னத்தையும் சுழலும் கல்லில் குடைந்தெடுக்கும் வேலை வந்தது. முதுகு தடித்திருக்கும், வெட்டுகிற வாய் காகிதமாக மெலிந்துவிடும். நகத்தால் சுண்டினால் கத்தி பாடும். அந்த வாயை ஒரு நொடி அதிகமாக அழுத்திவிட்டால் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த வாய் செத்த வாய், எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. மெருகு போடுகிறவர்களில் சிலர் அந்த நீலத்தைத் தேய்த்து மறைத்துப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார்களாம். அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பா காறித் துப்புவார்.

துப்பினால் மஞ்சளாக வரும். கல்லும் இரும்பும் தண்ணீரும் கலந்த சேறு அது. வேலை முடிந்து வரும்போது அப்பாவின் புருவத்தில், காது மடலுக்குப் பின்னால், பல்லிடுக்கில்கூட மஞ்சள் சேறு காய்ந்திருக்கும். ஊசிப்போன எண்ணெய் நாற்றம் தெரு முனையிலேயே வந்துவிடும். அண்ணன் வாசலில் வாளியும் சோப்புமாக நிற்பார். கழுவாமல் உள்ளே விடமாட்டார். பெற்ற அப்பனையே வாசலில் நிறுத்திக் கழுவச் சொன்ன பிள்ளை எங்கள் அண்ணன். அப்பாவும் முனகிக்கொண்டே கழுவுவார்.

பட்டறையை மூடியபோது அப்பா தன் கல், வார், சாமான்களை ஒரு சின்ன அறைக்குக் கொண்டுவந்தார். அப்பாவுக்குப் பிறகு அந்த அறை அண்ணனுடையது. பின்கட்டில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு குழாய். முன்னால் பலகை, அதன்மேல் ஈரத் துணி விரித்துக் கற்கள். சுவரில் ஆணியடித்துத் தொங்கும் தோல்வார், தீட்டிய கத்தியை இழுத்துப் பதப்படுத்த. தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். சாப்பிட அவர் விடமாட்டார் என்பது வேறு விஷயம்.

சலூன்களிலிருந்து கத்திகள் வரும். ஒரு சவரக்கத்தியின் கைப்பிடிக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாமலிருப்பது நல்லது. அண்ணன் ஆணியைத் தட்டி எடுத்து இரண்டு பக்கமும் பிரிப்பார். காய்ந்த சோப்பு, தோல் பொருக்கு, எவரெவருடைய மயிரோ, நடுவில் ஒரு செத்த எறும்பு. எல்லாம் கூழாகிக் கறுத்துப் போயிருக்கும். "இதத்தான் மூஞ்சில தேய்ச்சுக்கிட்டு ஜம்முனு போறானுங்க" என்பார். அதனால் சட்டம் போட்டார். கொதிநீரில் கழுவாத கத்தி அவர் வாசல்படி ஏறக்கூடாது. மூலைக்கடை சலூன்காரர் ஒருநாள் உட்கார்ந்து பேசிக்கொண்டே, உதவி செய்கிற நினைப்பில், தீட்டுகல்லில் தண்ணீருக்குப் பதில் 'த்தூ' என்று எச்சிலைத் துப்பித் தேய்த்துவிட்டார். அந்தத் தொழிலில் பலபேர் செய்வதுதான். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

"அந்தக் கல்ல நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க."

"என்ன சீச்சீக்காரரே, அலசினா போச்சு. அப்பா காலத்துக் கல்லாச்சே!"

"அப்பா காலத்துக் கல்தான். இப்ப உங்க எச்சில் கல். எடுங்க."

சலூன்காரர் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை, அப்புறம் கல்லைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு, ஒரு முகத்துக்கு ஒரு பிளேடு என்று போட்டுத் தூக்கியெறிகிற வழக்கம் வந்தபோது தொழில் போச்சே என்று மற்றவர்கள் புலம்பினார்கள். அண்ணன் ஒருவர்தான் சந்தோஷப்பட்டார். "இப்பவாவது மனுஷனுக்குப் புத்தி வந்துச்சே" என்றார். வீட்டில் தானே சவரம் செய்துகொள்கிற சிலர் கத்தி கொண்டுவந்தார்கள். ஒற்றை ஆளுக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்கும் இந்தத் தொழிலில் ஒரு பங்கு உண்டு. தீட்டி, வாரில் இழுத்து முடித்த கத்தியை மற்றவர்கள் முன்கை மயிரில் வழித்துப் பார்ப்பார்கள். அண்ணனுக்கு அதற்கும் 'சீ'தான். ஒரு நீள முடியை இரண்டு விரலில் பிடித்துத் தொங்கவிட்டு, கத்தி வாயின்மேல் மெல்ல இறக்குவார். முடி தொட்டதும் இரண்டாகி விழவேண்டும். இழுபடக்கூடாது, வளையக்கூடாது. அந்த முடி என் முடி. தலைக்குக் குளித்த அன்று சீப்பில் வருவதைக் காகிதத்தில் மடித்து வைத்துக் கொடுப்பேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வாங்க மாட்டார். கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போன பிறகும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். உலகத்தில் இன்னொரு மனிதப் பிறவியின் உடம்பிலிருந்து வந்த ஒரு பொருளை எங்கள் அண்ணன் முகம் சுளிக்காமல் கையில் தொட்டார் என்றால் அது ஒன்றுதான். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இனி என் வீட்டுக்காரர். அவருக்குப் பெரிய தெருவில் பழம்பொருள் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. பேசினால் தேன் ஒழுகும். ஒடிந்த குடைக்கு ஒரு கதை, ஓடாத கடிகாரத்துக்கு ஒரு கதை என்று எதையெடுத்தாலும் அதை வைத்திருந்த ஒரு பெரிய மனிதரைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்திவிடுவார். கேட்கிறவர் காதில் பூச்சுற்றுவதை அவர் ஒரு கலையாகவே செய்தார். ஆரம்பத்தில் நானும் சிரித்தேன். சொல்வதற்கென்ன, பூ என் காதிலும் இருந்தது.

யாரோ பழைய இரும்போடு போட்ட நாலைந்து சவரக்கத்திகளை அவர் அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் பிரித்து, கழுவி, துரு நீக்கி, தீட்டி, கண்ணாடியாகக் கொண்டுவந்து வைத்தார். என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது.

"என்ன மச்சான், இப்படிப் பண்ணிட்டீங்க? பழசு மாதிரியே இல்லையே. இத எவன் வாங்குவான்?"

"அழுக்கா இருந்தா வாங்குவானா?"

"அழுக்குக்குத்தான் மச்சான் காசு! துரு இருக்கணும், கறை இருக்கணும். கைப்பிடிக்குள்ள கொஞ்சம் மயிர் கிடந்தா இன்னும் விசேஷம். அந்தக் காலத்து ஆளோட மயிர்னு உருகிப்போயிடுவான்."

அண்ணன் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார்.

பழைய கத்தி எத்தனை கிடைக்கும்? என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ மட்டமான புதுக் கத்திகளை மொத்தமாக வரவழைத்தார். அவற்றை வயதாக்க வேண்டும். உப்புத் தண்ணீர், வினிகர், தேயிலைச் சாயம். கடைசியில் ஒரு பை. அந்தப் பையை அவரே கையால் தூக்கிக்கொண்டு அண்ணன் அறைக்கு வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். சலூன் தரையில் கூட்டியள்ளிய முடியும் வழித்துப்போட்ட சோப்பு நுரையும் கலந்து புளித்துப்போய் உள்ளே கிடந்தன. திறந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"இதெல்லாம் என்னால ஆகாது மாப்பிள்ளை" என்றார் அண்ணன்.

"நான் உங்ககிட்ட என்னைக்காவது ஏதாவது கேட்டிருக்கேனா மச்சான்? உங்க தங்கச்சிய இத்தன வருஷமா ஒரு குறையில்லாம வச்சிருக்கேன். இனிமேலும் வச்சிருப்பேன். நீங்க எனக்கு இதுகூடச் செய்ய மாட்டீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 'இனிமேலும்' என்ற இடத்தில் மட்டும் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம், வேண்டாம் என்று அண்ணனுக்குத் தலையாட்டினேன். அண்ணன் பார்க்காதது போலக் குனிந்து பையை வாங்கிக்கொண்டார். என்னைக் காட்டி என் அண்ணனை மிரட்டுகிற ஆளோடு ஒரே கூரையில் இருக்கிறேன் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. பை பிடித்த கையோடு வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். கை கழுவச் சொன்னேன். கழுவியாச்சு என்றார். கழுவவில்லை.

அண்ணன் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்தார். நடு நடுவே எழுந்துபோய் வாந்தியெடுத்துவிட்டு வந்து செய்தார். எந்தத் துருவை வாழ்நாள் முழுக்கத் துரத்தினாரோ அதை உட்கார்ந்து வளர்த்தார். ஆனால் துரு பிடித்த ஒவ்வொரு கத்தியையும் கடைசியில் கல்லில் வைத்துத் தீட்டினார். எனக்குப் புரியவில்லை.

"அலமாரியில தூங்கப்போற கத்திதானே? எதுக்கு அண்ணா தீட்டறீங்க?"

"மொக்கை வாயோட ஒரு கத்தி இந்த வாசலத் தாண்டினதில்ல. துரு அவர் கேட்டது. வாய் என்னுது."

நான் வழக்கம்போலக் காகித மடிப்பை எடுத்து நீட்டினேன். அண்ணன் தள்ளிவிட்டார்.

"வேணாம். இந்தக் கருமத்துக்கு உன் முடி வேணாம்."

தன் தலையில் மிச்சமிருந்த நாலு முடியில் ஒன்றைப் பிடுங்கி இறக்கிப் பார்த்தார். அதற்கப்புறம் என்னிடம் முடி கேட்பதே நின்றுபோனது. காகித மடிப்புகள் என் அலமாரியில் சேர்ந்துகொண்டே இருந்தன. அவர் தன்னையே அருவருக்க ஆரம்பித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அதைவிட எனக்கு வலித்தது வேறொன்றும் இல்லை.

கத்திகளுக்கு என் வீட்டுக்காரர் ஒரு கேப்டனைப் பெற்றுப் போட்டார். கப்பல் கேப்டன். புயலில் ஆடுகிற கப்பலில் நின்றுகொண்டு ஒரு கீறல் விழாமல் சவரம் செய்துகொண்டவராம். அவர் இறந்த பிறகு நூறு வருஷமாகப் பெட்டியிலேயே உறங்கிய கத்தியாம். இதை ஒரு பல் டாக்டர் நம்பினார். நல்ல மனிதர், பழைய கருவிகளைச் சேர்த்து வைப்பதில் ஆசை. வாங்கிப்போன கத்தியை வீட்டில் பிரித்து, நூறு வருஷத் துருதானே என்று கட்டைவிரலைக் கத்தி வாயின்மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார். எங்கள் அண்ணன் தீட்டிய வாய் அது. விரல் எலும்பு வரைக்கும் திறந்துவிட்டது. வெட்டு ஆறியிருக்கும். ஆனால் சலூன் குப்பை உள்ளே போய்ச் சீழ்வைத்து, கை வீங்கி, ஆஸ்பத்திரியில் படுத்து, கட்டைவிரலைக் காப்பாற்றியதே பெரிது என்றார்களாம். பல் பிடுங்குகிறவருக்குக் கட்டைவிரல் இல்லாவிட்டால் என்ன மிச்சம்?

அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, நேரில் வருகிறேன், அப்புறம் போலீசுக்குப் போகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் போனை வைத்த கையோடு நேரே அண்ணன் அறைக்குத்தான் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

"உங்கள யாரு தீட்டச் சொன்னது? நூறு வருஷம் கிடந்த கத்தி மொக்கையாத்தானே இருக்கும்! இதுகூடத் தெரியாதா?"

அண்ணனுக்கு அவர் கத்துவது காதில் விழவே இல்லை. "சீழ் வச்சிருச்சா?" என்று மட்டும் கேட்டார். மறுபடி கேட்டார். பிறகு தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை டாக்டர் வருவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலில் தேன்.

"நீ பொய்யே சொல்ல வேணாம். அண்ணன்தான் பண்ணினார்னு சொல்லு, போதும். அவர் கைதானே பண்ணிச்சு? உண்மைதானே? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் சொல்லிக்கறேன்."

"அண்ணனப் போலீஸ் பிடிச்சா?"

"வயசானவரு. ரெண்டு அதட்டு அதட்டி விட்டுருவாங்க. கடை போச்சுன்னா நீயும் நானும் நடுத்தெருவுல நிக்கணும், பார்த்துக்க."

உண்மையை வைத்தே பொய் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தெருவில் எதையோ மிதித்துவிட்டால் காலைத் தனியாகக் கழற்றி வைத்துவிடலாமா என்று இருக்குமே, அந்த மாதிரி இருந்தது எனக்கு. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் எத்தனையோ பேர் உட்கார்ந்து கறுத்த இடத்தில் எங்கள் அண்ணன் உட்கார வேண்டும். கழுவாத கத்தியை வாசலில் விடாத மனிதரை, ஊரே அழுக்குக் கத்தி விற்றவர் என்று சொல்லும். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

டாக்டர் வந்தார். கட்டுப்போட்ட கை மார்பில் தொங்கியது. மற்ற கையால் கத்தியைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"நூறு வருஷம் தூங்கின கத்திக்கு இவ்வளவு கூர்மை எப்படி வந்துச்சு? யாரு பண்ணின வேலை இது?"

என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "நானும் ஏமாந்தவன்தான் சார். சொந்த மச்சான்னு நம்பி வாங்கி வச்சேன். எங்க குடும்ப மானமே போச்சு. வேணும்னா இவளையே கேளுங்க, கூடப் பொறந்தவ, பொய் சொல்ல மாட்டா."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்க அண்ணன்தான் பண்ணினாராம்மா?"

"ஆமா டாக்டர். அண்ணன்தான் பண்ணினார்."

என் வீட்டுக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டேதான் மீதியைச் சொன்னேன்.

"கத்திய இவர் வரவழைச்சார். உப்பும் வினிகரும் இவர் வாங்கிக் குடுத்தார். உங்க கைக்குள்ள போச்சே அந்தக் குப்பை, அத சலூன் தரையிலேர்ந்து இவரே அள்ளிட்டு வந்தார். பண்ண மாட்டேன்னு அண்ணன் சொன்னப்ப, என்னைக் காட்டி மிரட்டினதும் இவர்தான். கேப்டன் இவர் மூளையில பொறந்தவர். சந்தேகமா இருந்தா அந்தக் கீழ் டிராயரத் திறந்து பாருங்க."

"ஏய்!" என்றார் என் வீட்டுக்காரர்.

நானே திறந்தேன். அடுக்கடுக்காகக் கிடந்தன. எல்லாவற்றிலும் அதே துரு, அதே கறை, அதே கேப்டன் பெயர் எழுதிய அட்டை. டாக்டர் ஒவ்வொன்றாக இடது கையால் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒரு கேப்டனுக்கு எத்தனை மூஞ்சிம்மா?" என்றார்.

தேன் ஒழுகிய வாயிலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை. உதடுகள் மட்டும் ஈரமாக அசைந்தன. இத்தனை வருஷம் இந்த வாய் சொன்னதையா கேட்டுக்கொண்டிருந்தேன், சீ! டாக்டர் யாரைப் போலீசுக்கு இழுப்பார் என்று பார்க்க நான் நிற்கவில்லை. உள்ளே போனேன். துணிமணி கொஞ்சமும், அலமாரியிலிருந்த காகித மடிப்புகளும் எடுத்துக்கொண்டு கடை வழியாகவே வெளியே வந்தேன்.

அண்ணன் குழாயடியில் குந்தியிருந்தார். இன்னும் கொடுக்காமல் மிச்சமிருந்த கத்திகளையெல்லாம் பிரித்து வெந்நீரில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"அந்த டாக்டருக்கு விரல் மடங்குதாமா?"

"மெல்ல மடங்கும்னு சொல்லியிருக்காங்களாம்."

"போலீஸ் வந்தா வரட்டும். என் கையும்தானே பண்ணிச்சு." இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டே, "நீ திரும்பிப் போகப்போறியா?" என்றார்.

"இல்ல."

தலையை ஆட்டினார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். துரு போன கத்தி ஒன்றைக் கல்லில் வைத்துத் தீட்டி, வாரில் இழுத்தார். நகத்தால் சுண்டினார். மட்டமான எஃகு, பெரிதாகப் பாடவில்லை. ஆனாலும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார்.

"ஒரு முடி குடு."

காகித மடிப்பைத் தேடப் பொறுமையில்லை. தலையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தேன். பாதி நரைத்த முடி. அண்ணன் அதை இரண்டு விரலில் பிடித்துத் தொங்கவிட்டார். கத்தியின் பக்கம் கொண்டுபோனவர் நின்றார். விரலை உரசிப் பார்த்தார். முகம் சுளித்தது.

"சீ! எண்ணெய். போய்த் தலைய அலசிட்டு வா முதல்ல" என்றார்.

அவர் குழாயடிக்கே போய், அவர் சோப்பையே எடுத்து, அழுதுகொண்டே தலையை அலசினேன்.